துட்டி வீட்டில் ரிட்டன்

பேசுவதற்கு முன்னால் யோசிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேசும்போதே யோசிக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பேசி முடித்து, செருப்பை மாட்டி, தெருமுனை வரைக்கும் போய், அங்கே நின்று யோசித்து, திரும்பி வந்து, தான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கிற மனிதன் இந்தப் பூமியில் ஒருவன்தான் பிறந்தான். அவனும் நேராக என் பட்டறைக்கே வேலைக்கு வந்து சேர்ந்தான்.

ஆதார் கார்டில் அவனுக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. தாராவியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். எங்களுக்கு அவன் ரிட்டன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. தொண்ணூறு அடி ரோட்டில் இறங்கி யாரிடம் வேண்டுமானாலும் 'ஸ்கூல் பை அண்ணாச்சி' என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள். நான்காம் வகுப்பில் கணக்கு வாத்தியார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இரண்டு பேரும் ஒத்துப்போய்ப் பிரிந்துவிட்டோம். அதற்கப்புறம் எனக்குக் கிடைத்த படிப்பெல்லாம் இந்த வாய்தான். இந்தி தெரியாத காலத்திலேயே இந்தியில் சண்டை போட்டு ஜெயித்தவன் நான். தண்ணீர்க் குழாயை வெட்ட வந்த ஆள் என்னிடம் பேசிவிட்டு, தானே ஒரு வாஷர் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். மனுஷனுக்கு மனுஷனிடம் பேச என்ன பயம் என்று எனக்கு விளங்கியதே இல்லை, ரிட்டன் வந்து சேரும் வரைக்கும்.

வேலைக்கு வந்த முதல் நாள் சாயங்காலம் கிளம்பினான். "நாளைக்கு வெள்ளன வந்துருடே" என்றேன். போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து மூச்சு வாங்க ஓடி வந்து நிற்கிறான்.

"என்னல, எதையும் விட்டுட்டுப் போயிட்டியா?"

"இல்ல அண்ணாச்சி. போகும்போது நான் 'சரி அண்ணாச்சி'ன்னு சொன்னேம்லா..."

"ம்."

"அது கொஞ்சம் வெடுக்குன்னு சொன்ன மாதிரி இருந்துச்சோ?"

"ஏல, நீ சொன்னதே என் காதுல விழல. மிஷின் ஓடிட்டுல்லா இருந்துச்சி."

அவன் முகம் வெளுத்துப்போனது. "ஐயோ! அப்பம் நான் பதிலே சொல்லாமப் போனேன்னு நெனச்சிருப்பியளே!"

பட்டறையில் பசை தடவுகிற காதர் பாய், கடையநல்லூர்க்காரர், தலையைத் தூக்காமலே சொன்னார்: "அண்ணாச்சி, இவன் சிங்கிள் டிக்கெட் இல்ல. போகும்போதே ரிட்டன் எடுத்துட்டுத்தான் போறான்." அன்றைக்கு விழுந்த பெயர்.

அதற்குப் பிறகு நாங்கள் அவன் போனதும் அவன் மிஷின் லைட்டை அணைப்பதில்லை. எப்படியும் ஒருமுறை வருவான், வந்து போன பிறகு அணைத்துக்கொள்ளலாம்.

பட்டறைக்கு டீ கொண்டுவருகிற பையா உத்தரப் பிரதேசத்துக்காரன். கட்டிங் டம்ளரை வைக்கும்போது எல்லாரிடமும் "க்யா பாய், சப் டீக்?" என்பான். அது கேள்வியே அல்ல, டம்ளர் வைக்கிற சத்தத்தோடு சேர்ந்து வருகிற இன்னொரு சத்தம். ரிட்டன் ஒருநாள் "டீக்" என்று சொல்லிவிட்டான். சொல்லிவிட்டு டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"என்னடே, ஈ விழுந்துட்டா?"

"பையாவ நான் திருப்பிக் கேக்கல அண்ணாச்சி. நல்லாருக்கியான்னு அவன் என்னயக் கேட்டான். நான் நல்லாருக்கேன்னு சொல்லிட்டுச் சும்மா இருந்துட்டேன். அவன் எப்படிப் போனா எனக்கென்னங்கிற ஆளு மாதிரில்லா ஆயிட்டு."

"சும்மா காலி பீலி யோசிக்காத. வேலையப் பாரு."

வேலையைப் பார்க்கவில்லை. மத்தியானம் எழுந்து டீக்கடைக்கே போய், பையாவின் தோளில் கை வைத்து, கண்ணோடு கண் பார்த்து, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கிற டாக்டர் குரலில் கேட்டிருக்கிறான்: "பையா... தும் டீக் ஹை நா?"

பையா பயந்துவிட்டான். "க்யோ? க்யா ஹுவா?"

"குச் நஹி. தும் டீக் ஹை தோ பஸ்." ஒன்றுமில்லையாம், அவன் நல்லா இருந்தால் போதுமாம்.

"காவ் சே ஃபோன் ஆயா க்யா?" ஊரிலிருந்து போன் வந்ததா என்கிறான்.

"அரே நஹி பையா, சும்மா... ஐசேஹி."

சும்மா எவனாவது கடை தேடி வந்து தோளில் கை வைப்பானா? பையா அடுப்பை அணைத்துவிட்டு ஊருக்குப் போன் போட்டான். அம்மா, அண்ணன், மாமனார், எருமை வரைக்கும் எல்லாரும் டீக்தானா என்று விசாரித்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அன்றைக்கு எங்கள் கல்லிக்கு, சந்து முழுவதற்கும் டீ கிடையாது. யாரால் என்று தெரிந்ததும் மொத்த கல்லியும் என் பட்டறை வாசலில் வந்து நின்றது. நான் பேசித்தான் அனுப்பினேன்.

வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனாலும் இதே கதை. என் மனைவி குழம்புக் கரண்டியோடு "போதுமா தம்பி?" என்று கேட்டாள். "போதும் மதினி" என்று எழுந்தான். படி இறங்கிப் போனவன் பாதியில் ஏறி வந்தான். "மதினி, போதும்னு சொன்னது வயிறு நெறஞ்சிட்டுன்னு அர்த்தம். கொழம்பு நல்லால்லன்னு அர்த்தம் இல்ல." இவள் சும்மா இருக்காமல் "அப்படியா?" என்று ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் என்னத்தைக் கண்டானோ, நிரூபிப்பதற்காக மறுபடி உட்கார்ந்து முழுச்சாப்பாடு சாப்பிட்டான். மறுநாள் லீவு போட்டான்.

ரயிலில் அவன் பட்ட பாடு தனி. பம்பாய் லோக்கலில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து நிற்கிறவன் "கிதர் உத்ரேகா?", எங்கே இறங்குவாய் என்று கேட்பான். ஸ்டேஷன் பெயரைச் சொல்லிவிட்டால் அந்த இடம் அவனுக்கு எழுதிக்கொடுத்த மாதிரி. ஒருநாள் வாஷியில் ஒரு கடைக்காரரைப் பார்த்துவரச் சொல்லி இவனை அனுப்பினேன். யாரோ கேட்டிருக்கிறார்கள், இவன் பதற்றத்தில் செம்பூர் என்று சொல்லிவிட்டான். தப்பாகச் சொல்லிவிட்டேன், வாஷி என்று திருத்தினால் முடிந்தது. நம்மிடம் திருத்துவதற்காக அரைமைல் ஓடிவருகிறவன், முன்பின் தெரியாத ஆளிடம் வாயைத் திறக்கவில்லை. செம்பூரில் இறங்கிவிட்டான். அடுத்த வண்டியிலும் இடம் கிடைத்து, அடுத்த ஆளும் கேட்டு, இந்தத் தடவை கோவண்டி என்று சொல்லி, கோவண்டியிலும் இறங்கியிருக்கிறான்.

"ஏல கோட்டிக்காரா, ரெண்டாவது ஆளுகிட்டயாவது வாஷின்னு சொல்ல வேண்டியதுதான?"

"வாஷின்னு சொன்னா, அவ்வளவு தூரத்துக்கு எடத்தப் புடிச்சி வச்சிருக்கானேன்னு அவரு மனசு சங்கடப்படும்லா அண்ணாச்சி."

இவன் வாஷி போய்ச் சேரும்போது கடைக்காரர் சாப்பிடப் போய்விட்டார்.

இப்படிப்பட்ட ஆளுக்கு நான் கல்யாணம் பேசினேன். நான் பேசி முடிக்காத சம்பந்தம் தாராவியிலும் லேபர் கேம்ப்பிலும் கிடையாது என்பதால் துணிந்து இறங்கினேன். எனக்கு ஜிப்பும் கொக்கியும் கொண்டுவந்து போடுகிற கோவண்டிக்காரர் ஒருவர் உண்டு, எங்கள் ஊர்ப் பக்கம்தான். அவர் மகள் கவிதா. செம்பூரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன்கவுண்டரில் உட்காருகிற பெண். நாள் முழுக்கப் பல்வலிக்காரர்களோடு தமிழ், இந்தி, மராத்தி மூன்றிலும் பேசிச் சமாளிக்கிறவள். இவனுக்கு அப்படி ஒருத்தி இருந்தால்தான் ரேஷன் கடைக்குப் போய் உருப்படியாகத் திரும்புவான் என்று கணக்குப் போட்டேன்.

பெண்ணிடம் முதலில் போனில் பேசட்டும் என்று அவள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். காதர் பாய் ஒத்திகை வைத்தார். தாடியைத் தடவிக்கொண்டு, குரலை மெல்லியதாக்கி, "ஹலோ, நான் கவிதா பேசுதேன்" என்றார்.

ரிட்டன் எழுந்து நின்றுவிட்டான்.

"உக்காருடே. போன்ல எந்திரிச்சா அந்தப் புள்ளைக்கு எப்படித் தெரியும்?"

"மரியாதைக்கு பாய்."

"சரி. சாப்டாச்சா?" என்றார் பாய், மறுபடி கவிதாவாகி.

ரிட்டன் நெற்றியைத் துடைத்தான். "சாப்டேன்னு சொன்னா, நமக்கு முன்னாடியே சாப்டுட்டானேன்னு நெனப்பாவ. சாப்டலன்னு சொன்னா, ஏன் சாப்டலன்னு கேப்பாவ. அதுக்கு என்ன சொல்ல?"

"நெசமாவே நீ சாப்டியா இல்லியா?"

"அது இப்பம் முக்கியமா பாய்?"

போன் வேண்டாம், நேரிலேயே பார்க்கட்டும் என்று முடிவு செய்தோம். மாட்டுங்காவில் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு இட்லிக் கடை. ஒரு மேசையில் அவனும் கவிதாவும். அடுத்த மேசையில் நான், என் மனைவி, கோவண்டிக்காரர். நாங்கள் பார்க்காதது போல எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"காபியா, டீயா?" என்று கேட்டாள் அவள்.

"நீங்க எதுவோ, அதுவே."

"நான் ரெண்டுமே குடிக்க மாட்டேன்."

இவன் மாட்டிக்கொண்டான். காபி என்று சொன்னால் அவள் சும்மா உட்கார்ந்திருக்கத் தான் மட்டும் குடிக்க வேண்டும். வேண்டாம் என்றால் முதலில் சொன்னது பொய்யாகிவிடும். சர்வர் வந்து நின்றான், போனான், மறுபடி வந்தான். பக்கத்து மேசைகளில் ஆள் மாறிவிட்டது. கோவண்டிக்காரர் என் காதில், "பையன் ஊமையா அண்ணாச்சி? முன்னாடியே சொல்லிருக்கலாம்லா" என்றார். நான் எழுந்து போய் நானே காபி சொல்லிவிடலாமா என்று வேட்டியைச் சரிசெய்தேன். அப்போது அந்தப் பெண் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சொன்னது எங்களுக்கும் கேட்டது.

"ஆராம்ஸே, மெதுவா யோசிங்க. எனக்கு டைம் இருக்கு."

அவ்வளவுதான். அன்றைக்கு இரண்டு பேரும் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தார்கள். ஆனால் ரயில்வே பாலத்தில் ஏறும்போது ரிட்டன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணாச்சி, பம்பாய்க்கு வந்ததுலேர்ந்து எங்கிட்ட 'டைம் இருக்கு'ன்னு யாரும் சொன்னதில்ல. எனக்கு இந்தப் புள்ளைய விட்டா வேற யாரும் வேண்டாம். இது எப்படியாவது நடக்கணும் அண்ணாச்சி."

அங்கே அந்தப் பெண்ணும் வீட்டில் போய், "அவரு செம காமெடியா இருக்காருப்பா, சலேகா, ஓகேதான்" என்றிருக்கிறாள். தகப்பனாருக்கு அரைமனசு. அந்த அரையை முழுசாக்க நான் பேசிக்கொண்டிருந்தபோதுதான் கோவண்டிக்காரரின் அண்ணன், கவிதாவின் பெரியப்பா, காலமாகிவிட்டார்.

மறுநாள் துட்டி கேட்கப் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் துக்கம் விசாரிப்பதை அப்படித்தான் சொல்வோம். சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிற வீடு, மாப்பிள்ளையாகப் போகிறவன் போகாமல் இருக்க முடியாது. வழியெல்லாம் அவனுக்குப் பாடம் எடுத்தேன்.

"உள்ள போனதும் ஆம்பளைங்க கையத் தொட்டுட்டு உக்காரணும். ஒண்ணும் பேசக் கூடாது. கெளம்பும்போது பேசாம எந்திரிச்சிப் போயிரணும். போயிட்டு வாரேன்னு மட்டும் சொல்லிறாத. துட்டி வீட்டுல அது ஆகாது. மறுபடி இதே மாதிரி ஒண்ணுக்கு வாரேன்னு ஆயிரும்."

அவன் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு நிம்மதி வந்தது. "பேசவே வேண்டாமா அண்ணாச்சி?"

"வேண்டாம்."

"அவங்களும் ஒண்ணும் கேக்க மாட்டாவளா?"

"மாட்டாவ."

"எவ்வளவு நல்ல வழக்கம்! இத எல்லா வீட்டுக்கும் வச்சிருக்கலாம்லா?"

நான் அவன் வாயைப் பொத்தி ரயிலில் இருந்து இறக்கினேன்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்த வீட்டில் ரிட்டன் உட்கார்ந்த மாதிரி யாரும் உட்காரவில்லை. கையைத் தொட்டான். தலையைக் குனிந்தான். சின்ன அறை, சுவரோரம் பெண்கள், நடுவில் புருஷனை இழந்த கவிதாவின் பெரியம்மா. நாங்களெல்லாம் வாட்சைப் பார்த்துக்கொண்டும் போனை அமுக்கிக்கொண்டும் இருந்தோம். இவன் அசையவில்லை. ஒரு பெரியவர் என்னிடம் குனிந்து, "அடக்கமான பையன்" என்றார். என் நெஞ்சு நிமிர்ந்தது. என்ன இருந்தாலும் நான் கொண்டுவந்த ஆள்.

எழுந்தோம். நான் பேசாமல் வெளியே வந்து செருப்பைத் தேடினேன். அவன் பின்னால் வந்தான். வாசல் வரைக்கும் வந்துவிட்டான். 'சொல்லக் கூடாது, சொல்லக் கூடாது' என்று மனசுக்குள் அவன் எத்தனை தடவை சொல்லிக்கொண்டானோ, நிலைப்படியில் கால் வைத்ததும் திரும்பி, கோவண்டிக்காரரைப் பார்த்து, கைகூப்பி, கணீரென்று சொன்னான்:

"அப்பம் நான் போயிட்டு வாரேன்."

அழுதுகொண்டிருந்த ஒரு அம்மாள் பாதி ஒப்பாரியில் நின்றுவிட்டாள். அவனுக்கே உறைத்துவிட்டது. அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம்.

"இல்ல இல்ல, வரமாட்டேன்!" என்றான்.

பெண் கொடுக்கப் போகிறவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். அதையும் இவன் பார்த்துவிட்டான்.

"ஐயோ, அப்படி இல்ல மாமா! இந்த மாதிரிக்கு வரமாட்டேன். வேற நல்லதுக்கு வாரேன்!"

நான் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். உள்ளே கவிதா துப்பட்டாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. பெரியப்பாவை நினைத்து அழுகிறாள் என்று இரண்டு பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள்.

அடுத்த வாரமே கோவண்டிக்காரர் போன் செய்தார். "தப்பா நெனைக்காதிய அண்ணாச்சி. எங்க வீட்டுப் பெரியவுக எல்லாம் ஒரு மாதிரி பேசுதாவ. துட்டி வீட்டுல வாரேன்னு சொல்லிட்டுப் போனவன் எதக் கூட்டிட்டு வருவானோன்னு பயப்படுதாவ. எங்க அக்காவுக்கு வேற காய்ச்சல் வந்துட்டு. இது வேண்டாம்."

நான் பேசினேன். சிரித்துப் பேசினேன், அதட்டிப் பேசினேன், கொசுவால் வந்த காய்ச்சலுக்கு என் ஆள் எப்படிப் பொறுப்பாவான் என்று நியாயம் பேசினேன். நான் பேசித் தோற்ற போன் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

ரிட்டனிடம் சொன்னேன். அவன் அழவில்லை. மிஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எங்க தப்பாப் பேசினாலும் திரும்பிப் போய்ச் சொல்லிரலாம் அண்ணாச்சி. திரும்பிப் போகவே கூடாத எடம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அங்கன போயில்லா பேசிட்டு வந்துட்டேன்."

அதற்குப் பிறகு அவன் ஜிப்பைத் தலைகீழாக வைத்துத் தைத்தான். பையைத் திறந்தால் புத்தகம் கீழே விழும். நான் திட்டினால் "சரி" என்பான், போவான். திரும்பி வரமாட்டான். மிஷின் லைட்டைப் போட்டபடி நானும் காதர் பாயும் உட்கார்ந்திருப்போம். "அண்ணாச்சி, அணச்சிரலாம்" என்பார் பாய். "இருங்க பாய், பாப்போம்" என்பேன். அவன் வராமல் போன அந்த நாட்களில் பட்டறையே ஒரு துட்டி வீடு மாதிரி இருந்தது.

ஒரு மத்தியானம் வாசலில் ஆட்டோ நின்றது. கிளினிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கவிதா இறங்கினாள்.

"நமஸ்தே அங்கிள். அவரு எங்க?"

கை தன்னாலே காட்டியது. அவள் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"பாருங்க அங்கிள். காலைல எந்திரிச்சா டிலீட்டட். லஞ்ச் டைம்ல டிலீட்டட். நைட்டு டிலீட்டட், டிலீட்டட், டிலீட்டட். மெசேஜ் அனுப்புறாரு, நான் திறக்குறதுக்குள்ள அழிச்சிடுறாரு. அப்படி என்னதான் எழுதுறாரு? கொலை மிரட்டலா?"

ரிட்டன் ரெக்சின் ரோலுக்குப் பின்னால் போக வழி தேடினான். காதர் பாய் ரோலைத் தள்ளி வழியை அடைத்துவிட்டார்.

"இப்ப நேர்ல சொல்லுங்க. எல்லாத்தையும். நான் ஆஃப் டே லீவு போட்டுட்டு வந்திருக்கேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

நாங்கள் கேட்கவில்லை என்று காட்ட நானும் பாயும் ஆளுக்கொரு மிஷினை ஓட்டினோம். நூல் கோக்காத மிஷின்.

"அங்கிள், மிஷின நிறுத்துங்க, எனக்கு கேக்கல. நீங்களும்தான கேட்டுட்டு இருக்கீங்க."

நிறுத்தினோம்.

ரிட்டன் முதலில் தரையைப் பார்த்துப் பேசினான், அப்புறம் அவள் செருப்பைப் பார்த்து, அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து. "வாரேன்னு சொன்னது பழக்கத்துல. வரமாட்டேன்னு சொன்னது பயத்துல."

"நல்லதுக்கு வரேன்னு சொன்னது?"

"அது மட்டும் நெசம்."

காதர் பாய் பசை டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டார். ரிட்டன் நிறுத்தவில்லை. காபியா டீயா என்றதற்கு என்ன சொல்லியிருக்க வேண்டும், தண்ணீர் குடித்ததைத் தப்பாக எடுத்துக்கொண்டாளா, பெரியப்பா ஆத்மா கோபித்துக்கொண்டிருக்குமா என்று எல்லாம் வந்தது. நான் வாங்கி வைத்த வடா பாவ்வை அவள் பொறுமையாகச் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்தாள்.

"அவ்ளோதானா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு."

"பாக்கிய கல்யாணத்துக்கு அப்பறம் சொல்லுங்க." பிறகு என்னைப் பார்த்தாள். "அங்கிள், அன்னிக்கு நான் அழல. சிரிச்சேன். பெரியப்பா இருந்திருந்தா அவருதான் மொதல்ல சிரிச்சிருப்பாரு. ஆனா அப்பா என் பேச்சக் கேக்க மாட்டாரு. பெரியம்மா சொன்னா மட்டும்தான் கேப்பாரு. காரியம் முடியட்டும், நான் பெரியம்மாகிட்ட பேசுறேன்."

என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவண்டியில் இருந்து ஆள் வந்தது. அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்களாம்.

ரிட்டன் வேர்த்து ஊற்றிப்போய் வந்தான். அதே அறை. கோவண்டிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அவர் அக்கா காய்ச்சல் விட்ட கையோடு வந்து, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, எதிர்க்கட்சி மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் பேசத் தயாராகத் தொண்டையைச் செருமினேன். வழியெல்லாம் யோசித்து வைத்த பேச்சு, அருமையான பேச்சு. பெரியம்மா கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டார்.

"அன்னைக்கு எத்தன பேரு வந்தாவ. உறவு, ஊரு, தெரு. எல்லாரும் ஒக்காந்தாவ, எந்திரிச்சாவ, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாவ. அதுதான் மொற, நான் கொற சொல்லல. ஆனா அதுக்கப்பறம் இந்த வீட்டுல நான் தனியா கெடந்தேன். கதவப் பாத்துட்டேதான் கெடந்தேன். ஒருத்தரும் வரல." ரிட்டனைப் பார்த்தார். "இவன் ஒருத்தன்தான் வாரேன்னு சொல்லிட்டுப் போனான். அதத்தான் நெனச்சிட்டு இருந்தேன்."

கோவண்டிக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். "உங்க இஷ்டம் மைனி" என்றார். ஸ்வெட்டர் போட்ட அக்கா ஸ்வெட்டரைக் கழற்றினார். சம்பந்தம் முடிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். நான் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் முடிந்த சம்பந்தம்.

"ஒக்காருப்பா" என்றார் பெரியம்மா. ரிட்டன் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவர் தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். சம்பளம் வாங்கின நாளில் பாந்த்ராவில் இருந்து மீன் வாங்கி வருவாராம், வழியெல்லாம் ரயிலில் எல்லாரிடமும் திட்டு வாங்கிக்கொண்டே வருவாராம். நாங்களெல்லாம் ஒரு 'ம்' சொல்லி அடுத்ததற்குப் போய்விடுவோம். இவன் போகவில்லை. "என்ன மீன் பெரியம்மா?" என்றான். "அவரு திரும்பித் திட்ட மாட்டாரா?" என்றான். அந்த அம்மாள் சிரித்ததை அன்றைக்குத்தான் வீடே பார்த்தது. கவிதா தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்க மறந்து நின்றாள்.

எனக்கு ஒரு ஆர்டர் கிடந்தது. எழுந்தேன். வாசல் வரைக்கும் வந்தேன். என்னை யாரும் கவனிக்கவில்லை. அவன் இன்னும் மீன் கதையில் இருந்தான். இருக்கட்டும் என்று நான் மட்டும் கிளம்பி ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

வண்டியில் நல்ல கூட்டம், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குர்லா போனது. எங்கள் ஸ்டேஷன் சுனாபட்டி வந்ததும் இறங்குவதற்காக நகர்ந்தபோது, பக்கத்தில் ரிட்டன் நிற்கிற நினைப்பில் திரும்பி, "வாடே, எறங்கு" என்று சொல்லிவிட்டேன்.